மஞ்சள் தண்ணீர் கேஸ்

என்மேல் கேஸ் போட்டது ஒரு குடம் தண்ணீருக்காக. நான் யாரையும் அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை. திருவிழாவில் ஒருவர் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். அதற்குச் சம்மன் வந்தது. கோர்ட்டுக்குப் போனேன். தோட்டத்தில் அந்த வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மலாய் நாட்டில் எங்கள் ரப்பர் தோட்டம் பாலோ ஸ்டேஷனிலிருந்து உள்ளே போக வேண்டும். ரப்பர் விலை விழுவதற்கு முந்தின காலம் அது. வேலை இருந்தது, அரிசி இருந்தது. அண்ணனும் தங்கச்சி நானும் பால் வெட்டினோம். அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அண்ணனைத் தவிர எனக்கு இந்தக் கரையில் யாரும் இல்லை. கடலுக்கு அந்தக் கரையில், ஊரில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது.

அண்ணனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் அதே தோட்டம். அவளுக்குத் தாய் மட்டும்தான். கூடப் பிறந்த ஆண் கிடையாது. அங்கேதான் இடித்தது.

எங்கள் கல்யாணத்தில் பெண்ணின் அண்ணனோ தம்பியோ மாப்பிள்ளை கையைப் பிடித்து மணைக்குக் கூட்டி வர வேண்டும். மாப்பிள்ளை விரலில் மோதிரம் போட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அந்த மச்சானுக்குப் புது வேட்டி கொடுப்பார்கள். பந்தியில் முதல் இலை அவருக்கு. இதெல்லாம் நடக்காமல் தாலி ஏறாது. நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளில் ஆள் தேடினோம். எல்லோரும் ஏற்கெனவே யாருக்கோ யாரோ. ஒருவர் மாமா, ஒருவர் சித்தப்பா, ஒருவர் பெரியப்பா. எல்லா உறவும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். பெண்ணுக்கு அண்ணன் முறைக்கு மட்டும் ஒரு ஆள் மிச்சமில்லை.

அப்போதுதான் தோட்டத்துக்குப் புதுக் கிராணி வந்திருந்தார். காலையில் ஆட்கள் வரிசை நிற்கிற பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவர், மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுத்து எழுதுகிறவர். இளவயது. சிங்கப்பூரில் வளர்ந்தவர். விசாரித்துப் பார்த்தால் எங்கள் ஆட்களே. அண்ணன் போய்க் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை.

"அதுக்கென்ன, வர்றேன்" என்றார்.

வந்தார். கையைப் பிடித்தார். மோதிரம் போட்டார். வேட்டியை வாங்கிக்கொண்டார். முதல் இலையில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் கேட்டார். அண்ணியின் அம்மா அழுதேவிட்டார். ஒரு மகன் கிடைத்தான் என்று லயத்தில் எல்லோரிடமும் சொன்னார்.

அதற்குப் பிறகு கிராணிக்கு உடம்பு சரியில்லை என்றால் அண்ணி கஞ்சி வைத்துக் கொடுத்து அனுப்புவாள். தீபாவளிக்கு அவர் அண்ணிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார். அண்ணன்தான் தங்கைக்குச் சேலை எடுப்பான். வெளி ஆண்பிள்ளை யாரும் எடுக்க மாட்டார்கள். அவருக்கு அது கஞ்சிக்கு நன்றி. எங்களுக்கு அது அண்ணன் சீர். இந்த வித்தியாசம் அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அண்ணிக்கு அவர் அண்ணன் என்றால் என் அண்ணனுக்கு மச்சான். என் அண்ணனுக்கு மச்சான் என்றால் எனக்கு முறை. இதை யாரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மாரியம்மன் திருவிழா வந்தது. எங்கள் தோட்டத்தில் கடைசி நாள் மஞ்சள் நீர். பெரிய மிடாவில் மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்டு வைப்பார்கள். பெண்கள் முறை ஆண்கள்மேல் ஊற்றுவார்கள். ஓடுகிறவர்கள் ஓடுவார்கள். ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிவார்கள். வருஷம் முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு வேலை வாங்குகிற கங்காணி அன்றைக்கு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவர் மாமா பெண்கள் பலசாலிகள். வெள்ளைக்காரத் துரைகூட வராந்தாவில் நாற்காலி போட்டுப் பார்ப்பார்.

கிராணி கோயில் ஓரமாக நின்றார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர். யாரோ விருந்தாளி என்று நினைத்தோம்.

அண்ணி என் முழங்கையை இடித்தாள். அவள் புடவை அதற்குள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"எங்கண்ணன் பாரு, காஞ்ச துணியோட நிக்கிறாரு. ஊத்த ஆளில்லாத அநாதை மாதிரி. பாக்க நல்லாவா இருக்கு?"

நன்றாக இல்லைதான். மஞ்சள் நீர் அன்றைக்கு நனையாமல் வீட்டுக்குப் போகிற ஆண்பிள்ளைக்கு உறவு இல்லை என்று அர்த்தம். இந்தத் தோட்டத்தில் அவருக்கு முறை என்று இருப்பது நான் ஒருத்திதான். நான் ஊற்றாவிட்டால் யார் ஊற்றுவார்கள். மரியாதைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடக்கூடாது. குடத்தை நிறைய மொண்டேன். பின்பக்கமாகப் போனேன். தலையில் கவிழ்த்தேன்.

ஒரு குடமும் சிந்தாமல் அவர்மேலேயே விழுந்தது. வேப்பிலை ஒன்று மூக்கில் ஒட்டிக்கொண்டது. கோட்டு மாம்பழ நிறம் ஆனது. தோட்டமே கைதட்டியது. துரை நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தார். அண்ணியின் அம்மா குலவை போட்டார்.

கிராணி சிரிக்கவில்லை. தலைப்பாகைக்காரரும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஏறிவிட்டார். கிராணி ஈரத்தோடு வண்டிக்குப் பின்னால் ஓடினார். கொஞ்ச தூரம் ஏதோ சொல்லிக்கொண்டே ஓடினார். வண்டி நிற்கவில்லை.

அவர் யார் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. குளுவாங்கில் மளிகைக் கடை வைத்திருப்பவர். தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர். கிராணி அந்தப் பெண்ணைக் கடையில் பார்த்திருக்கிறார். சாமான் வாங்குகிற சாக்கில் பல தரம் பார்த்திருக்கிறார். பெண்ணுக்கும் இஷ்டம். தகப்பனார் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தையைச் சொல்ல வந்தவர் கண் முன்னால்தான் நான் குடத்தைக் கவிழ்த்தேன். முறைப்பெண் இருக்கிற இடத்தில் என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கிராணி மறுநாள் குளுவாங் போனார். கடைக்காரர் பேசவில்லை. அதற்கடுத்த நாள் கிராணி போலீஸ் ஸ்டேஷன் போனார்.

சைக்கிளில் மலாய்ப் போலீஸ்காரர் வந்து சம்மன் கொடுத்தார். என்ன குற்றம் என்று அண்ணன் கேட்டார். அடித்த கேஸ் என்றார். எதால் அடித்தாள் என்று கேட்டார். தண்ணீரால் என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

சிரிப்பு அன்றைக்கே நின்றது. துரை அண்ணனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும்.

"கோர்ட்டு குத்தம் சொன்னா, அந்தப் பொண்ணு பேர் வெட்டு. கிராணிமேலே கை வைச்ச ஆளு இங்கே வேலை இல்லை."

பெயர் வெட்டினால் லயத்தில் இடம் இல்லை. வேறு தோட்டம் தேடிப் போக வேண்டும். லாபிஸோ எங்கேயோ, தெரியாத ஆட்களோடு, தனியாக. அண்ணன் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது.

அண்ணி கிராணி வீட்டுக்குப் போய் அழுதாள். அவரும் அழாத குறைதான். உன் நாத்தனார்மேல் எனக்குக் கோபம் இல்லை என்றாராம். அவள் எனக்கு முறை இல்லை, அவள் செய்தது குற்றம் என்று கோர்ட்டு சொல்ல வேண்டும், அப்போதுதான் கடைக்காரர் நம்புவார், வேறு வழி தெரியவில்லை என்றாராம். அண்ணி திரும்பி வந்து, "எங்கண்ணனும் பாவம், நீயும் பாவம், நான் யாருக்குன்னு அழறது" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அழு என்றேன்.

கேஸ் நாள் வந்தது. தேவையானவர்களுக்கு மட்டும் லீவு என்றார் துரை. தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தவர்கள் எல்லோரும் தேவையானவர்கள் என்று கங்காணி சொன்னார். தோட்டம் பூராவும் பார்த்திருந்தது. கடைசியில் பாதி லயம் கிளம்பியது. புளிச்சோறு கட்டினார்கள். பிள்ளைகளுக்குத் தலை சீவிப் பொட்டு வைத்தார்கள். தப்பு அடிக்கிறவரும் வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, ஜெயித்தால் வேண்டும் அல்லவா என்றார். தோற்றால் என்ன செய்வாய் என்று கங்காணி கேட்டார். அதற்கும் அடிக்கத் தெரியும் என்றார்.

கோர்ட்டு குளுவாங்கில். பாலோவில் ரயில் ஏறினோம். கிராணியும் அதே வண்டி. அவர் தனியாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். அண்ணியின் அம்மா இலையில் புளிச்சோறு வைத்து அவருக்குக் கொடுத்து அனுப்பினார். வேண்டாம் என்றார். திரும்பவும் கொடுத்து அனுப்பினார். சாப்பிட்டார்.

கோர்ட்டு வாசலில் மொழிபெயர்க்கிறவர் வந்தார். தமிழர். கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரச் சட்டம் இதுதான் என்று எனக்குச் சொன்னார். கம்பால் அடித்தால்தான் குற்றம் என்று இல்லை. சம்மதம் இல்லாமல் ஒருவர்மேல் விரல் பட்டாலும் குற்றம். கல் பட்டாலும் குற்றம், தண்ணீர் பட்டாலும் குற்றம். காயம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உடுத்திய துணியில் பட்டாலும் உடம்பில் பட்ட மாதிரிதான். சம்மதம் இருந்தால் குற்றம் இல்லை.

நல்ல சட்டம் என்று நினைத்தேன். இது காட்டில் வேலை வாங்குகிறவர்களுக்கும் உண்டா என்று கேட்டேன். எல்லோருக்கும் உண்டு என்றார். கங்காணி வேறு பக்கம் பார்த்தார்.

மாஜிஸ்திரேட்டு மலாய்க்காரர். சொங்கோத் தொப்பி, மூக்குக் கண்ணாடி. மலாயில் மெதுவாகப் பேசினார். பாதி எனக்கே புரிந்தது. கடைசி வரிசையில் தலைப்பாகைக் கடைக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். கிராணிதான் வரச் சொல்லியிருந்தார்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள்.

"தண்ணி ஊத்துனேன். குத்தம் செய்யலை."

கிராணி சாட்சி சொன்னார். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நான் சம்மதிக்கவில்லை, பின்னாலிருந்து ஊற்றினாள் என்றார். எல்லாம் உண்மை. சம்மதம் கேட்டாயா என்று மாஜிஸ்திரேட்டு என்னிடம் கேட்டார். கேட்டு ஊற்றுவது வழக்கம் இல்லை, கேட்டால் ஓடிவிடுவார்கள் என்றேன். பின்னால் லயத்து ஆட்கள் சிரித்தார்கள். போலீஸ்காரர் சத்தம் போட்டார்.

அண்ணன் சாட்சி சொன்னார். கல்யாணத்தை முழுக்கச் சொன்னார். கை பிடித்தது, மோதிரம், வேட்டி, முதல் இலை, பாயசம், தீபாவளிச் சேலை. விரலை நீட்டி மோதிரத்தையும் காட்டினார். மாஜிஸ்திரேட்டு கிராணியைப் பார்த்து இதெல்லாம் நடந்ததா என்று கேட்டார்.

கிராணி நினைத்திருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடந்தது என்றார். உதவிக்காகச் செய்தேன், உறவுக்காகச் செய்யவில்லை என்றார். அண்ணியின் அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் கிராணி தலையைக் குனிந்துகொண்டார். அவங்களை அம்மான்னுதான் கூப்பிடறேன் என்று தானாகவே சொன்னார். யாரும் அதைக் கேட்கவில்லை.

மாஜிஸ்திரேட்டு மொழிபெயர்க்கிறவரிடம் திரும்பினார். இப்படி ஒரு வழக்கம் உண்டா, மோதிரம் போட்டவர்மேல் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார். அவருக்கு இன்னும் வேர்த்தது. உண்டு என்றார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என் தம்பி மனைவியின் தங்கை வருஷா வருஷம் என்மேல் ஊற்றுகிறாள் என்றார். நீ சம்மதித்தாயா என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒளிந்துகொள்கிறேன், ஆனால் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டால் வருத்தமாக இருக்கும் என்றார். மாஜிஸ்திரேட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பிறகு கிராணியிடம், தண்ணீரால் உனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். கல்யாணம் நின்றுபோனது என்றார் கிராணி. கடைக்காரரைக் காட்டினார். மாஜிஸ்திரேட்டு கடைக்காரரை எழுந்து நிற்கச் சொன்னார்.

கடைக்காரர் தயங்காமல் பேசினார்.

"பையன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. ஆனா முறைப்பொண்ணு உரிமையோட தண்ணி ஊத்துனதை என் கண்ணால பாத்தேன். ஒருத்தி உரிமையை அறுத்துட்டு என் பொண்ணைக் கொண்டுபோய் வைக்க மாட்டேன். அது நல்லா வாழாது."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. முறை இல்லை என்று நான் சொன்னால் கிராணிக்குக் கல்யாணம் நடக்கும், எனக்குப் பெயர் வெட்டுவார்கள். முறைதான் என்று சொன்னால் எனக்குப் பெயர் இருக்கும், அவர் கல்யாணம் போகும். அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணி யாரையும் பார்க்கவில்லை. கிராணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோரில் என் பாலை ஒரு நாளும் குறைத்து எழுதாதவர் அவர்.

நீ இவரைக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்துத்தான் ஊற்றினாயா என்று மாஜிஸ்திரேட்டு கேட்டார்.

"முறைதாங்க. ஊத்துனதும் சரிதான். ஆனா எனக்கு வேணாம்."

மொழிபெயர்க்கிறவர் சொல்வதற்குள் பின்னால் கூட்டம் ஓவென்றது. முறைப்பெண்ணுக்கு முதல் உரிமை. அவள் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் பிறகு யாரும் கட்டலாம். பாவம் ஒட்டாது. அவள் வாயால் வர வேண்டும், அவ்வளவுதான். முறை இல்லாதவள் வேண்டாம் என்று சொன்னால் அது செல்லாது. அதனால் முறை என்றும் சொல்ல வேண்டியிருந்தது, வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இரண்டும் உண்மைதான்.

மாஜிஸ்திரேட்டு அதோடு விட்டிருக்கலாம். ஏன் வேண்டாம், நல்ல வேலையில் இருக்கிறவர்தானே என்று கேட்டார்.

"ஒரு குடம் தண்ணிக்கே கோர்ட்டுக்கு வந்துட்டாருங்க. நான் கட்டிக்கிட்டா தெனம்ல வரணும்."

இதை முழுக்க மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மொழிபெயர்க்கிறவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததிலேயே மாஜிஸ்திரேட்டுக்குப் பாதி புரிந்தது. மீதியைச் சொன்னதும் அவரும் சிரித்தார். போலீஸ்காரர் சத்தம் போட வாயைத் திறந்தார். அவருக்கும் முடியவில்லை. கிராணி காது வரை சிவந்து போனார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மாஜிஸ்திரேட்டு முகத்தைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். பெண்ணுக்கு அண்ணன் இடத்தில் உட்கார்ந்து வேட்டியை வாங்கிக்கொண்டவர் அந்த இடத்துக்கு வருவதை எல்லாம் ஏற்றுக்கொண்டவர்தான். மஞ்சள் நீர் அன்றைக்கு அங்கே போய் நின்றதே சம்மதம். வேண்டாம் என்றால் ஓடியிருக்கலாம், மற்றவர்கள் ஓடினார்கள். கேஸ் தள்ளுபடி.

வெளியே வந்தோம். தப்பு அடிக்கிறவர் காத்திருக்கவில்லை, படியிலேயே ஆரம்பித்துவிட்டார். கங்காணி ஆடினார். அவர் ஆடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நன்றாகவே ஆடினார்.

கடைக்காரர் என்னிடம் வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"முழு மனசோட சொன்னியாம்மா? கூட்டத்துக்காகச் சொல்லலையே?"

"முழு மனசுதாங்க. உங்க பொண்ணுக்குப் பொறுமை உண்டுங்களா?"

"உண்டும்மா."

"அப்ப சரிதாங்க."

அவர் கிராணியிடம் போய்க் கையைப் பிடித்தார். தை மாதம் நாள் பார்க்கலாம் என்றார். அண்ணியின் அம்மா கிராணி கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அண்ணி இப்போது நிஜமாகவே இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். பிறகு கடைக்காரர் எங்கள் எல்லோரையும் கடைக்குக் கூட்டிப்போனார். பொட்டுக்கடலையும் வெல்லமும் தேத்தண்ணியும் கொடுத்தார். பின்கட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு பெண் பார்த்தாள். யாரைப் பார்த்தாள் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்தாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல பெண்.

திரும்பும் ரயிலில் கிராணி ஜன்னல் ஓரம் போகவில்லை. எங்கள் நடுவில் உட்கார்ந்தார். பிள்ளைகள் மடியில் ஏறினார்கள். அந்தக் கோட்டு வெளுத்ததா என்று அண்ணன் கேட்டார். டோபி மூன்று தரம் வெளுத்துப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றார். இனி முழுக்க மஞ்சளாக்கிவிடலாம் என்று கங்காணி யோசனை சொன்னார். பாலோ வரைக்கும் சிரிப்புத்தான்.

மறுநாள் விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய் நின்றேன். வாளி, கத்தி எல்லாம் எடுத்துக்கொண்டேன். துரையும் நின்றார். அவருக்கு யாரோ தீர்ப்பைச் சொல்லியிருந்தார்கள். என் பெயரை வெட்டச் சொல்லவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு கிராணி பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என் பெயர் வந்தது. கொஞ்சம் நிறுத்தினார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றேன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.